மருந்துக்கடைக்கு விலை போடுவது அதன் போட்டிக்காரர்: அமெரிக்காவில் பிபிஎம் சீர்திருத்தம்

மலர்விழி_ஆர்கன்சா
ஆகஸ்ட் 3, 2025

எல்லோருக்கும் வணக்கம். ஆர்கன்சாவில் ஒரு சிறிய ஊரில், எந்தச் சங்கிலி நிறுவனத்தோடும் சேராத மருந்துக்கடை ஒன்றில் பதினொரு வருடமாக பார்மசிஸ்ட் வேலை பார்க்கிறேன். போன திங்கட்கிழமை எங்கள் மாநிலத்தின் 624-ஆம் சட்டத்துக்குக் கூட்டாட்சி நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டுவிட்டது. அன்றிலிருந்து கடையில் வேறு பேச்சே இல்லை. நம் ஆட்களில் இதைப் பேசுகிறவர்கள் குறைவு. ஆனால் நம் எல்லோர் பர்ஸிலும் அந்த இன்சூரன்ஸ் அட்டை இருக்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சட்டம் சொல்வது ஒன்றுதான். பிபிஎம் என்பது இன்சூரன்ஸுக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் நின்று மருந்துக் கணக்கைப் பார்க்கிற நிறுவனம்; மருந்துக்கடைகளுக்கு எவ்வளவு பணம் கொடுப்பது என்று முடிவு செய்கிற அந்த நிறுவனம் தானே மருந்துக்கடை நடத்தக் கூடாது. ஏப்ரலில் ஆளுநர் சாரா ஹக்கபி சாண்டர்ஸ் கையெழுத்திட்டார். 2026 ஜனவரி 1 முதல் அமலுக்கு வரவிருந்தது. இப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாநிலம் எங்களுடையது. பிபிஎம்மும் மருந்தகமும் சேர்த்து வைத்திருக்கிற சிவிஎஸ், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ் இரண்டும் வழக்குப் போட்டன. வெளிமாநில நிறுவனங்களை ஒதுக்குவதுபோல் இருக்கிறது, ராணுவக் குடும்பங்களுக்கான டிரைகேர் திட்டத்தோடும் மோதுகிறது என்று சொல்லி நீதிபதி பிரையன் மில்லர் நிறுத்தி வைத்திருக்கிறார்.

சட்டப் பேச்சு இருக்கட்டும். நேற்று மதியம் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பக்கத்து ஊர்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தார். பல வருடமாக எங்கள் கடைதான். கிளைமை, அதாவது பிபிஎம்மிடம் பணம் கேட்கும் விண்ணப்பத்தை, கணினியில் அனுப்பினேன். இரண்டு விநாடியில் பதில் வந்துவிடும். அந்த மாத்திரையை மொத்த வியாபாரியிடம் நாங்கள் வாங்கிய விலை 14 டாலர் 20 சென்ட். திரையில் வந்த பதில்: அவர் கட்ட வேண்டியது 5 டாலர், பிபிஎம் தருவது 4 டாலர் 35 சென்ட். மொத்தம் 9.35. வாங்கிய விலையிலேயே 4 டாலர் 85 சென்ட் துண்டு விழுகிறது. குப்பி, மூடி, லேபிள், கரண்டு, என் நேரம் எல்லாம் இதற்கு மேல்.

நஷ்டம் வரும் மருந்தைத் தர மறுக்க எங்கள் மாநிலச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் எதிரில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவரிடம் அதை எப்படிச் சொல்வது? நீலத் தட்டில் மாத்திரையைக் கொட்டி, ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணிக் கொடுத்து அனுப்பினேன். நாளை பிபிஎம்மிடம் மேல்முறையீடு போட வேண்டும். ஒரு நாளில் இப்படி எத்தனை கிளைம் வருகிறது என்று இப்போதெல்லாம் எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

---

வளர்மதி_டல்லஸ்
ஆகஸ்ட் 3, 2025

அக்கா, அடிப்படையான ஒரு சந்தேகம். நம் ஊரில் மாத்திரை அட்டையிலேயே எம்ஆர்பி அச்சிட்டிருக்கும். கடைக்காரருக்கு அதில் ஒரு பங்கு நிச்சயம். இங்கே 14 டாலருக்கு வாங்கியதை 9 டாலருக்கு விற்க ஒருவர் ஏன் ஒப்புக்கொள்கிறார்? "இந்த விலைக்கு முடியாது" என்று ஒப்பந்தத்திலேயே சொல்ல முடியாதா?

---

மலர்விழி_ஆர்கன்சா
ஆகஸ்ட் 3, 2025

வளர்மதி, அந்தக் கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1960களின் இறுதியில் பிபிஎம் என்பது வெறும் கிளைம் எழுதிக் கணக்கு முடிக்கிற வேலை. ஒரு பிளாஸ்டிக் அட்டை, அதன் பின்னால் ஓர் அலுவலகம், கிளைமுக்கு இவ்வளவு என்று சிறு கூலி. அப்புறம் மருந்து உற்பத்தியாளர்களிடம் பேரம் பேசி ரிபேட், அதாவது தள்ளுபடிப் பணம், வாங்க ஆரம்பித்தார்கள். எந்த மருந்துக்கு இன்சூரன்ஸ் உண்டு, எந்தக் கடை நெட்வொர்க்கில் இருக்கலாம், கடைக்கு என்ன விலை என்பதெல்லாம் அவர்கள் கைக்குப் போனது. பிறகு ஒருவரை ஒருவர் வாங்கினார்கள். மருந்துக்கடைச் சங்கிலியான சிவிஎஸ் 2007-ல் கேர்மார்க் என்ற பிபிஎம்மை வாங்கியது, 2018-ல் ஏட்னா இன்சூரன்ஸையும் வாங்கியது. அதே 2018-ல் சிக்னா இன்சூரன்ஸ் எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸை வாங்கியது. மூன்றாவது பிபிஎம்மான ஆப்டம் ஆர்எக்ஸ், யுனைடெட்ஹெல்த் இன்சூரன்ஸ் குடும்பத்தில் இருக்கிறது. 2023-ல் நாட்டில் கொடுக்கப்பட்ட சுமார் 660 கோடி மருந்துச் சீட்டுகளில் கிட்டத்தட்ட 80 சதவீதம் இந்த மூன்று பேர் வழியாகப் போனது. கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024 ஜூலை அறிக்கையில் இதைச் சொல்கிறது.

இப்போது உன் கேள்வி. எங்கள் ஊரில் மூன்றில் ஒருவரோடு ஒப்பந்தம் வேண்டாம் என்றால், மறுநாள் காலையில் நான்கில் ஒரு வாடிக்கையாளர் கடைக்கு வர முடியாது. ஒப்பந்தத்தை அப்படியே ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் விடு. ஜெனரிக் மருந்துகளுக்கு, அதாவது பிராண்டு பெயர் இல்லாத மருந்துகளுக்கு, அவர்கள் ஒரு உச்சவிலைப் பட்டியல் வைத்திருக்கிறார்கள், மேக் பட்டியல் என்போம். எதை வைத்து அந்த விலை வந்தது என்று சொல்ல மாட்டார்கள். கிளைம் அனுப்பினால்தான் விலையே தெரியும். மொத்த வியாபாரியிடம் விலை ஏறினாலும் பட்டியல் ஏறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

இதற்கு மேல், விலை போடுகிற அதே குழுமத்துக்குத் தெருமுனையில் சொந்தக் கடையோ தபால்வழி மருந்தகமோ இருக்கிறது. நான் என்ன வாங்குகிறேன், யாருக்கு விற்கிறேன், எனக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பது அத்தனையும் அவர்களுக்குத் தெரியும். என் வாடிக்கையாளருக்கு அவர்களே கடிதம் அனுப்பி, "அடுத்த முறை எங்கள் தபால் மருந்தகத்தில் 90 நாளுக்கு வாங்குங்கள், கோ-பே குறையும்" என்பார்கள். கோ-பே என்றால் நோயாளி தன் கையிலிருந்து கட்டும் பங்கு.

---

கணக்கன்_நியூஜெர்சி
ஆகஸ்ட் 4, 2025

மலர்விழி அவர்களுக்கு, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் மறுபக்கத்தையும் வைத்தாக வேண்டும். நான் ஒரு நடுத்தர நிறுவனத்தில் ஊழியர் நலப் பிரிவில் இருக்கிறேன். 1,400 பேருக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் மருந்துச் செலவைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஒரு பிராண்டு மருந்தின் விலையைக் குறைக்கச் சொல்லி ஒரு மருந்து உற்பத்தியாளரோடு நான் தனியாகப் பேரம் பேச முடியாது. பிபிஎம் பேசுகிறது. வருகிற ரிபேட்டால்தான் போன வருடம் பிரீமியத்தை ஏற்றாமல் சமாளித்தோம்.

இன்னொன்று. ஒவ்வொரு மருந்துச் சீட்டுக்கும் கடைக்குக் கட்டாயக் கூலி என்று சட்டம் போட்டால் அதை யார் கட்டுவது? அயோவாவில் இந்த ஜூன் மாதம் கையெழுத்தான சட்டம் சீட்டுக்கு 10 டாலர் 68 சென்ட் கூலி என்கிறது. எங்களைப் போன்ற நிறுவனங்களும் ஊழியர்களும்தான் அதைச் சுமக்க வேண்டும். 624-ஆம் சட்டம் வந்தால் ஆர்கன்சாவில் 23 கடைகளை மூட வேண்டியிருக்கும் என்று சிவிஎஸ் சொன்னது. அந்தக் கடைகளை நம்பியிருக்கிற நோயாளிகளும் நோயாளிகள்தானே? சின்னக் கடை என்பதாலேயே அது நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

---

ஓஹையோ_குமரன்
ஆகஸ்ட் 4, 2025

கணக்கன் ஐயா, "கடைக்குக் கொடுத்தால் செலவு ஏறும்" என்பதை நாங்களும் வருடக்கணக்கில் நம்பினோம். ஓஹையோவில் நடந்ததைச் சொல்கிறேன்.

2018-ல் எங்கள் மாநிலத் தணிக்கையாளர் டேவ் யோஸ்ட், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டின் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். 2017 ஏப்ரல் முதல் ஒரு வருடத்துக்கு, பிபிஎம்கள் திட்டத்திடம் வாங்கியதற்கும் மருந்துக்கடைகளுக்குக் கொடுத்ததற்கும் இடையே 22.48 கோடி டாலர் வித்தியாசம். ஜெனரிக் மருந்துகளில் மட்டும் அந்த வித்தியாசம் 31 சதவீதத்துக்கு மேல். அதாவது ஏழைகளின் ஜெனரிக் மருந்துக்கு அரசாங்கம் நூறு ரூபாய் கொடுத்தால் கடைக்குப் போனது அறுபத்தொன்பதுக்கும் கீழே. இதற்கு ஸ்ப்ரெட் என்று பெயர். கடைக்காரருக்கு அந்தப் பக்கத்துப் பில் தெரியாது, அரசாங்கத்துக்கு இந்தப் பக்கத்துப் பில் தெரியாது. நடுவில் இருப்பவருக்கு மட்டும் இரண்டும் தெரியும். அந்த வருடங்களில் எங்கள் பகுதியில் மூடிய கடைகளில் ஒன்றில்தான் என் மனைவி வேலை பார்த்தாள். கடைசி நாளில் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தவளைக் கூட்டிக்கொண்டு வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பக்கத்து மாநிலமான மேற்கு வர்ஜீனியா வேறு வழியில் போனது. 2017-ல் மெடிகெய்டு மருந்துப் பட்டுவாடாவை இடைத்தரகர்களிடமிருந்து எடுத்து மாநிலமே நடத்த ஆரம்பித்தது. கடைக்கு மருந்தின் சராசரிக் கொள்முதல் விலை, அதோடு சீட்டுக்கு 10 டாலர் 49 சென்ட் கூலி. உங்கள் கணக்குப்படி செலவு ஏறியிருக்க வேண்டும், இல்லையா? முதல் வருடத்திலேயே 5.4 கோடி டாலர் மிச்சமானது. கடைக்கும் கூடுதலாகக் கிடைத்தது, அரசுக்கும் மிச்சம். நடுவில் போனதுதான் நின்றது.

அப்புறம் நாங்களும் திருந்தினோம். 2022 அக்டோபரிலிருந்து ஓஹையோ மெடிகெய்டுக்கு ஒரே ஒரு பிபிஎம், மாநிலத்தின் நேரடி மேற்பார்வையில்.

---

ரஞ்சனி_சார்லட்
ஆகஸ்ட் 5, 2025

நான் மருந்துத் தொழிலில் இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் கணவருக்கு நான்கு வருடத்துக்கு முன் சிஎம்எல் வகை ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். இமாட்டினிப் என்ற மாத்திரை, தினமும் ஒன்று. முதல் மாதம் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கினோம். அங்கிருந்த பார்மசிஸ்ட் அரை மணி நேரம் உட்கார்ந்து, சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், பம்பளிமாஸ் போல இருக்கிற கிரேப்ஃப்ரூட் பழத்தின் சாறு கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். அடுத்த மாதம் அதே கடையில் இன்சூரன்ஸ் மறுத்துவிட்டது. "ஸ்பெஷாலிட்டி மருந்து, எங்கள் மருந்தகத்திலிருந்து தபாலில் மட்டும்தான்" என்றார்கள்.

ஒரு முறை பார்சல் ஆறு நாள் தாமதம். கையிருப்பில் இரண்டு மாத்திரை. அந்த இரண்டையும் டப்பாவில் போட்டுக் குலுக்கிப் பார்த்துக்கொண்டே போனில் காத்திருந்தேன். நான்கு பேருக்கு மாற்றினார்கள், நான்கு பேரும் பிறந்த தேதி கேட்டார்கள். பழைய கடையில் அந்த மாத்திரை அலமாரியில் இருந்தது. கொடுக்க அவருக்கு அனுமதி இல்லை.

இது பழைய மருந்து, ஜெனரிக். அப்புறம் ஏன் இவ்வளவு பிடிவாதம்?

---

ஓஹையோ_குமரன்
ஆகஸ்ட் 5, 2025

ரஞ்சனி அக்கா, அண்ணன் இப்போது நலமா?

பிடிவாதத்துக்குக் காரணம் வர்த்தக ஆணையத்தின் அந்த 2024 அறிக்கையிலேயே இருக்கிறது. ஆணையம் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்ட இரண்டு மருந்துகளில் ஒன்று இமாட்டினிப் ஜெனரிக். இன்னொன்று புராஸ்டேட் புற்றுநோய்க்கான அபிராட்டெரோன். பிபிஎம்களின் சொந்த மருந்தகங்களுக்கு, சராசரிக் கொள்முதல் விலையைப் போல 20 முதல் 40 மடங்கு வரை கட்டிய திட்டங்கள் இருந்தன. இந்த இரண்டு மருந்துகளில் மட்டும், மூன்று வருடத்துக்கும் குறைவான காலத்தில், கொள்முதல் விலைக்கு மேல் அந்த மருந்தகங்களிடம் சேர்ந்தது கிட்டத்தட்ட 160 கோடி டாலர். 2025 ஜனவரியில் இரண்டாவது அறிக்கை வந்தது. ஸ்பெஷாலிட்டி ஜெனரிக் மருந்துகளைச் சேர்த்துப் பார்த்தால் 2017 முதல் 2022 வரை 730 கோடி டாலருக்கு மேல்.

பக்கத்துக் கடைக்காரர் அதே மாத்திரையை நியாயமான கூலிக்குக் கொடுத்திருப்பார்.

---

ரஞ்சனி_சார்லட்
ஆகஸ்ட் 5, 2025

நலமாக இருக்கிறார் தம்பி. ரத்தப் பரிசோதனை நன்றாக வருகிறது. கேட்டதற்கு நன்றி.

---

கணக்கன்_நியூஜெர்சி
ஆகஸ்ட் 6, 2025

சகோதரி, நீங்கள் டப்பாவைக் குலுக்கிப் பார்த்ததைப் படித்தபோது எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் நிறுவன ஒப்பந்தத்திலும் அதே நிபந்தனை இருக்கிறதா என்று நேற்று எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்ட காகிதம்தான்.

ரிபேட் பற்றிச் சொன்னதில் நான் மாறவில்லை, பேரம் பேச ஒருவர் வேண்டும். ஆனால் பேரம் பேசுகிறவரே கடையும் நடத்தலாமா என்பது வேறு கேள்வி, அதில் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. என் கவலை அமலாக்கத்தில்தான். ஒரே நாளில் கடை உரிமத்தை ரத்து செய்தால், அந்த இடத்தை நிரப்பத் தனிக் கடைகள் தயாராக இருக்கின்றனவா? அப்படி ஏதாவது மாநிலம் வாழ்ந்து காட்டியிருக்கிறதா?

---

ஃபார்கோ_இளங்கோ
ஆகஸ்ட் 6, 2025

இருக்கிறது ஐயா, நான் இருக்கிற மாநிலம்தான். வடக்கு டகோட்டாவில் 1963-லிருந்து ஒரு சட்டம்: மருந்துக்கடையின் பெரும்பங்கு உரிமை பதிவு பெற்ற பார்மசிஸ்டிடம் இருக்க வேண்டும். பழைய சில விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி வால்மார்ட் உள்ளே போனால் தேன், டயர் எல்லாம் வாங்கலாம், மருந்துச் சீட்டைக் கொடுத்து மருந்து வாங்க முடியாது. 2014 நவம்பரில் இதை நீக்கச் சொல்லி வாக்கெடுப்பு வந்தது. பெரிய கடைகள் பணத்தைக் கொட்டின. மக்கள் வேண்டாம் என்றே வாக்களித்தார்கள்.

நான் புதிதாக வந்தபோது இது என்ன பழங்காலச் சட்டம் என்று நினைத்தேன். ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரியில், சாலை மூடியிருக்கும்போது, பனி வண்டிக்காரரிடம் என் மகளின் இன்ஹேலரைக் கொடுத்தனுப்பினார் எங்கள் ஊர்க் கடைக்காரர். அதற்குப் பிறகு நினைப்பு மாறிவிட்டது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உரிமைச் சட்டம் மட்டும் போதாது. இங்கேயும் மேக் பட்டியல்தான், இங்கேயும் நஷ்டக் கிளைம்தான். கடை யாருடையது என்பதோடு கடைக்கு என்ன கூலி என்பதும் சரியாக வேண்டும்.

---

மலர்விழி_ஆர்கன்சா
ஆகஸ்ட் 7, 2025

இளங்கோ தம்பி சொன்னதுதான் என் நிலைப்பாடும். கூலியைச் சரிசெய்யும் முயற்சியை ஆர்கன்சா பத்து வருடத்துக்கு முன்பே தொடங்கியது. 2015-ல் 900-ஆம் சட்டம். கொள்முதல் விலைக்குக் குறையாமல் கொடு, பட்டியலைக் காலத்தோடு திருத்து, மேல்முறையீட்டுக்கு வழி வை. பிபிஎம்களின் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 டிசம்பர் 10 அன்று எட்டு நீதிபதிகளும் ஒரே குரலில் ஆர்கன்சா பக்கம் தீர்ப்பு சொன்னார்கள். ரட்லெஜ் வழக்கு என்று சொன்னால் எந்த மருந்துக்கடைக்காரருக்கும் தெரியும். அன்று எங்கள் முதலாளி கேக் வெட்டினார். ஐந்து வருடம் கழித்து, 4 டாலர் 85 சென்ட்டுக்காக நான் மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறேன். விலையைக் கட்டுப்படுத்தினால் வேறு வாசல் வழியாக வருகிறார்கள். அதனால்தான் உரிமையையே பிரிக்க வேண்டும் என்ற இடத்துக்கு இந்த மாநிலம் வந்தது. எடுத்த உடனே கோடாலியைத் தூக்கவில்லை கணக்கன் ஐயா.

முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் நடந்ததையும் பாருங்கள். டிஐஆர் கட்டணம் என்று ஒன்று. மருந்து கொடுத்து மாதக்கணக்கில் ஆன பிறகு, "தர அளவுகோலில் நீங்கள் குறைவு" என்று சொல்லிக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடிப்பார்கள். 2010-க்கும் 2020-க்கும் இடையில் இது 1,07,400 சதவீதத்துக்கு மேல் ஏறியது என்று மெடிகேர் நிர்வாகமே எழுதியிருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் பின்னால் பிடிக்கக் கூடாது, மருந்து கொடுக்கும்போதே விலையில் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதி. ஆனால் அந்த வருடத் தொடக்கத்தில் பழைய பாக்கியும் பிடித்தார்கள், புதிய விலையும் குறைவாக வந்தது. எங்கள் கடையில் இரண்டு மாதம் முதலாளி சம்பளம் எடுக்கவில்லை.

பிபிஎம் எங்கள் கணக்கைச் சோதிக்கும் ஆடிட் இன்னொரு தலைவலி. கண் சொட்டு மருந்துக் குப்பி 25 நாளுக்கு என்று போட வேண்டியதை 30 என்று போட்டால், நோயாளி மருந்தை வாங்கிப் பயன்படுத்தி முடித்த பிறகும், அந்தக் கிளைமின் முழுப் பணத்தையும் திருப்பி எடுப்பார்கள். ஒரு குப்பியில் எத்தனை சொட்டு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சொட்டிச் சொட்டி எண்ணியிருக்கிறேன்.

காங்கிரஸ் ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். 2024 டிசம்பரில் செலவின மசோதாவில் இரு கட்சிகளும் ஒத்துக்கொண்ட பிபிஎம் சீர்திருத்தம் இருந்தது. மெடிகேரில் பிபிஎம்மின் வருமானத்தை மருந்தின் பட்டியல் விலையிலிருந்து துண்டிப்பது, மெடிகெய்டில் ஸ்ப்ரெட்டை ஒழிப்பது எல்லாம் அதில் உண்டு. எலான் மஸ்க் எதிர்த்து எழுதத் தொடங்கியதும் மசோதாவே சரிந்தது. சுருக்கி நிறைவேற்றியதில் அந்தப் பகுதி இல்லை. அன்றிரவு தூங்கவில்லை. வருமானத்தைத் துண்டிப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். விலை ஏறினால் தன் பங்கும் ஏறும் என்றிருக்கிறவரிடம் விலையைக் குறைக்கும் வேலையை எப்படிக் கொடுப்பது?

---

வளர்மதி_டல்லஸ்
ஆகஸ்ட் 7, 2025

என்னைப் போன்றவர்கள் இப்போதைக்கு என்ன செய்யலாம் அக்கா?

---

மலர்விழி_ஆர்கன்சா
ஆகஸ்ட் 7, 2025

அடுத்த முறை மருந்து வாங்கும்போது, "இன்சூரன்ஸ் இல்லாமல் என்ன விலை?" என்று கேள். சில ஜெனரிக் மருந்துகளுக்குக் கோ-பேயைவிட ரொக்க விலை குறைவாக இருக்கும். முன்பெல்லாம் இதை நாங்களாக வாய் திறந்து சொல்லவே ஒப்பந்தத்தில் தடை இருந்தது. 2018 அக்டோபரில் வந்த இரண்டு சட்டங்கள் அந்தத் தடையை நீக்கின. ஒன்றே ஒன்று, ரொக்கமாகக் கட்டினால் அது பெரும்பாலும் உன் டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நீ கட்டி முடிக்க வேண்டிய தொகை) கணக்கில் சேராது, அதையும் யோசித்துக்கொள்.

உங்கள் அலுவலக எச்ஆரிடம், பக்கத்துக் கடையில் 90 நாள் மருந்து வாங்க ஏன் அனுமதி இல்லை என்று எழுதிக் கேள். கணக்கன் ஐயா போன்றவர்கள் மேசைக்குத்தான் அந்தக் கடிதம் போகும்.

---

கணக்கன்_நியூஜெர்சி
ஆகஸ்ட் 8, 2025

அனுப்புங்கள் அம்மா. என் மேசைக்கு இதுவரை அப்படி ஒரு கடிதம்கூட வந்ததில்லை. ஒப்பந்தப் புதுப்பிப்பு நவம்பரில். கடைக்கு என்ன கொடுத்தார்கள், எங்களிடம் என்ன வாங்கினார்கள் என்று கிளைம் வாரியாகத் தரவு கேட்டு நேற்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.

---

மலர்விழி_ஆர்கன்சா
ஆகஸ்ட் 13, 2025

அந்த 4 டாலர் 85 சென்ட்டுக்குப் பதில் வந்தது. மறுத்துவிட்டார்கள். இந்த மாத்திரை குறைந்த விலையில் கிடைக்கிறது என்று ஒரு மருந்துக் குறியீட்டு எண்ணும் ஒரு மொத்த வியாபாரி பெயரும் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் பெரும்பாலும் வாங்கும் வியாபாரியைக் கூப்பிட்டு எண்ணைப் படித்தேன். அந்தப் பெண் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்களிடம் இல்லையே, வேறு கம்பெனி தயாரிப்புதான் இருக்கிறது, அது 14 டாலர் 60" என்றார். போன வாரத்தைவிட நாற்பது சென்ட் ஏறியிருக்கிறது.

900-ஆம் சட்டப்படி எங்கள் வியாபாரியிடம் அந்த விலையில் கிடைக்காவிட்டால் அவர்கள் பட்டியலைத் திருத்தியாக வேண்டும். அவர் பெயர், பேசிய நேரம், சொன்ன விலை மூன்றையும் எழுதி வைத்து மாநில இன்சூரன்ஸ் துறைக்குப் புகார் தயார் செய்துவிட்டேன். ஏழு பக்கம். நாளைக் காலை போகும். அந்த மனிதர் அடுத்த குப்பிக்கு செப்டம்பர் 1-ஆம் தேதி வருவார். பதினாலு அறுபது கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்தாயிற்று.